ஜிம்மர் முதல் மோரிசன் வரை: கல்லூரியில் கலக்கியவர்கள் என்பிஏவில் ஏன் காணாமல் போனார்கள்?

2025 மார்ச் 19, காலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

"அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் நாட்டிலேயே சிறந்தவன் என்று விருது வாங்கியவன் என்பிஏ என்ற தொழில்முறை லீகுக்குப் போய் பெஞ்சைத் தேய்க்கிறான். ஒருவர் இருவர் அல்ல, வரிசையாகப் போகிறார்கள். அப்படியென்றால் மார்ச் மேட்னஸ் என்று கல்லூரி அணிகளின் நாக்அவுட் போட்டியை நாம் தூக்கம் கெட்டுப் பார்ப்பதெல்லாம் டுபாக்கூர் ஆட்டம்தானே? யாராவது மறுக்க முடியுமா?"

மார்ச் 19, இரவு

மறுக்கிறேன். அதற்கு முன் உங்கள் கட்சிக்கே ஒரு சாட்சியைக் கொடுத்துவிடுகிறேன். அந்த ஆளை நேரில் பார்த்தவன் நான்.

2011 ஜனவரி. சால்ட் லேக் சிட்டியில், யூட்டா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். தெற்கே பிரோவோவில் இருக்கும் பிஒய்யு (பிரிகம் யங் பல்கலைக்கழகம்) எங்களுக்குப் பரம்பரை எதிரி. அவர்கள் ஆட வந்த அன்று ஹன்ட்ஸ்மன் அரங்கத்தில், மாணவர் பகுதியில், மேலிருந்து நாலாவது வரிசையில் இடம். சுற்றிலும் சிவப்புச் சட்டை. நானும் இரவல் வாங்கிப் போட்டிருந்தேன், இரண்டு சைஸ் பெரியது.

நான் சொன்ன ஆள் பிஒய்யுவின் ஜிம்மர் ஃப்ரெடெட், அன்று கடைசி ஆண்டு மாணவர். ஆறடி இரண்டங்குலம். தெருவில் பார்த்தால் டெஸ்டிங் டீமில் இருப்பவர் என்று நினைப்பீர்கள். அவசரமே இல்லாமல் பந்தைத் தட்டிக்கொண்டு வருவார். எங்கள் ஆள் ஓரடி பின்வாங்கினால், மூன்று புள்ளிக் கோட்டுக்கு ஒரு மீட்டர் வெளியிலேயே நின்று போட்டுவிடுவார். நெருங்கி வந்தால் உள்ளே புகுந்துவிடுவார். முதல் பாதி முடிகிற மணிக்கு நடுக்கோட்டை ஒட்டி நின்று ஒன்றைத் தூக்கி எறிந்தார். விழுந்தது. எங்கள் பகுதியில் ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் எனக்கு முன்னால் நின்ற பையன் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். கோபம் கரைந்துபோன பிறகு வருகிற சிரிப்பு அது. நானும் சிரித்தேன். அன்று மொத்தம் 50 புள்ளி.

அந்த சீசனில் ஆட்டத்துக்கு அவர் சராசரி 28.9 புள்ளி, நாட்டிலேயே அதிகம். சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான நெய்ஸ்மித் விருது, வுடன் விருது இரண்டும் அவருக்கே. என்பிஏவில் வாழ்நாள் சராசரி 6. போதுமா? குறுக்கு விசாரணை நாளைக்கு.

மார்ச் 20

திருத்தம். 50 இல்லை, 47. பதினாலு வருஷத்தில் என் ஞாபகம் அவருக்கு இன்னொரு மூன்று புள்ளி போட்டுக் கொடுத்திருக்கிறது. நாங்கள் தோற்றது 104-79. இதை மட்டும் ஞாபகம் திருத்தவில்லை.

சரி, குறுக்கு விசாரணை. 2011 டிராஃப்டில் (என்பிஏ அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசைப்படி எடுக்கும் நாள்) சாக்ரமென்டோ கிங்ஸிடம் ஏழாவது இடம் இருந்தது. ஒரு பண்டமாற்றில் அதைக் கொடுத்துப் பத்தாவது இடத்துக்கு இறங்கி ஜிம்மரை எடுத்தார்கள். பதினொன்றாவதாகப் போனவர் கிளே தாம்ப்சன். பதினைந்தாவது கவாய் லெனர்ட். முப்பதாவது ஜிம்மி பட்லர். மூவரும் பிறகு பெரிய நட்சத்திரங்கள். இதைப் படித்துவிட்டு கிங்ஸ் ரசிகர் யாராவது இங்கே இருந்தால் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்ளவும்.

அதே கிங்ஸ் அதே டிராஃப்டில் கடைசி இடத்தில், அறுபதாவதாக, ஐசையா தாமஸை எடுத்தது. ஐந்தடி ஒன்பதங்குலம். ஜிம்மருக்கு என்று வைத்திருந்த பாயிண்ட் கார்டு நாற்காலியில் (பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துபவர்) சில மாதங்களிலேயே போய் உட்கார்ந்தவர் அவர்தான். குள்ளமாக இருந்ததால்தான் ஜிம்மர் தோற்றார் என்று யாராவது சொல்ல வந்தால், அந்த வாதம் இங்கேயே அடிபட்டுப்போகிறது.

ஜிம்மர் பக்கமும் நியாயம் உண்டு. அந்த வருஷம் லாக்அவுட், சம்பள ஒப்பந்தத் தகராறில் அணி உரிமையாளர்கள் லீகையே பூட்டிவிட்டார்கள். புதியவர்கள் பழகிக்கொள்ளும் சம்மர் லீக் நடக்கவில்லை, சீசனே கிறிஸ்துமஸ் அன்றுதான் தொடங்கியது. ஏழு ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புது வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம் மேனேஜர் மாறினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

மார்ச் 20, கொஞ்சம் கழித்து

ஒரு விதி வைத்துக்கொள்வோம். முழங்கால் போனவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். 2007-இல் டுராண்டுக்கு முன்னால், முதல் ஆளாக எடுக்கப்பட்ட கிரெக் ஓடனை யாரும் இழுக்க வேண்டாம். மொத்தமே 105 ஆட்டம்தான் அந்த முழங்கால்கள் அவருக்குக் கொடுத்தன. டியூக் பல்கலைக்கழகத்தின் ஜே வில்லியம்ஸும் வேண்டாம். 2002-இல் யாவ் மிங்குக்கு அடுத்துப் போனவர், ஒரே ஒரு சீசன் ஆடி முடித்து, மோட்டார் சைக்கிள் விபத்தில் எல்லாம் முடிந்துபோனது. விபத்துக்கும் ஆட்டத் திறமைக்கும் சம்பந்தமில்லை.

மார்ச் 21

"கல்லூரித் தரமே குறைவு" என்பதற்கு நேரடிப் பதில். எனக்குத் தெரிந்த ஒருவரை வைத்துச் சொல்கிறேன்.

யூட்டாவில் மாணவர் ஜிம்மில் சனிக்கிழமை காலை ஆடுவோம். பள்ளியில் சிமெண்ட் தரையில் மாவட்ட அளவில் ஆடியவன் என்ற மிதப்பு எனக்கு உண்டு. அங்கே ஒருவர் வருவார், முப்பது வயதிருக்கும், இன்சூரன்ஸ் வேலை, லேசாகத் தொப்பை. வேறு மாநிலத்தில் ஏதோ ஒரு சின்னக் கல்லூரியின் முதல் பிரிவு அணியில் இரண்டு வருஷம் கடைசி பெஞ்சில் இருந்தாராம். "மொத்தமாக ஒரு மணி நேரம் ஆடியிருப்பேன்" என்றார்.

முதல் ஆட்டத்தில் எங்களை ஊதித் தள்ளினார். இரண்டாவதில் கொஞ்சம் தாக்குப்பிடித்தோம். மூன்றாவது ஆட்டத்தின் நடுவில்தான் கவனித்தேன்: மனுஷன் இரண்டாவது ஆட்டத்திலிருந்தே இடது கையால் போட்டுக்கொண்டிருக்கிறார். வலது கைக்காரர். நாங்கள் சங்கடப்படக் கூடாது என்று யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி பெஞ்சுக்காரரே இப்படி. முதல் பிரிவில் 360-க்குப் பக்கமாக அணிகள். அவற்றின் நட்சத்திரங்களையெல்லாம் சலித்து, ஜிம்மர் உச்சியில் நின்றார். என்பிஏவில் இருப்பதோ 30 அணி, அணிக்கு 15 பேர், 450 இருக்கை. ஒவ்வொரு வருஷமும் புதிதாக அறுபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். உட்கார்ந்திருப்பவர் எழுந்தால்தானே இடம்? இதில் இடம் கிடைக்காதவரை டுபாக்கூர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இடது கையால் அடி வாங்கியவன் நான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஹன்ட்ஸ்மன் ஆட்டத்தை அந்த பெஞ்சுக்காரரோடுதான் பார்த்தேன். நாங்கள் எல்லோரும் பந்தைப் பார்த்தோம். அவர் ஜிம்மரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், அதுவும் பந்து எங்கள் கையில் இருக்கும்போது. வெளியே வரும்போது, "அங்கே போனால் இவனைத் தேடிப் பிடித்து அடிப்பார்கள்" என்றார். 47 புள்ளி போட்டவனைப் பற்றி, ஒரு மணி நேரம் ஆடியவர் சொல்கிறார். சிரித்தேன். அவர் சொன்னதுதான் நடந்தது.

மார்ச் 22

"தேடிப் பிடித்து அடிப்பது" என்றால் என்ன என்று தனியாகக் கேட்டிருக்கிறார்கள்.

கல்லூரியில் தடுப்பாட்டம் தெரியாதவரை ஒளித்து வைக்க இடமுண்டு. ஆளாளுக்கு இடம் பிரித்து நிற்கும் ஸோன் முறையில் ஒரு மூலையில் நிறுத்திவிடலாம். கூடைக்கு அடியில் ஒரு நெட்டை மனிதரை ஆணியடித்தாற்போல் நிறுத்தி அவருக்குத் துணை வைக்கலாம். என்பிஏவில் அந்த நெட்டையர், யாரையும் தடுக்காமல் அங்கே மூன்று நொடிக்கு மேல் நிற்க முடியாது. எதிரணி ஸ்கிரீன் (தடுப்பவரின் வழியில் ஓர் ஆளை நிறுத்தி மறிப்பது) போட்டுப் போட்டு, தன் நல்ல ஆட்டக்காரருக்கு எதிரில் இந்த ஆள் வந்து நிற்கும்படி செய்யும். ஒரே ஆட்டத்தில் பத்துத் தடவை. பயிற்சியாளர் எத்தனை தடவை பார்த்துக்கொண்டிருப்பார்?

ஜிம்மரின் மூன்று புள்ளி அங்கேயும் விழுந்தது என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது சீசனில் நூற்றுக்கு 41-க்கு மேல். கல்லூரிக் கோடு அன்று 6.32 மீட்டர், என்பிஏவில் 7.24. அந்தத் தூரம்தான் கொன்றது என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எண்ணைப் பார்த்ததும் அழித்துவிட்டேன். கல்லூரியிலேயே என்பிஏ கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டவருக்குக் கோடு ஒரு பொருட்டா?

மார்ச் 23

ஆடம் மோரிசன். நீங்கள் கேட்காவிட்டாலும் வருவார்.

2006. கொன்சாகா பல்கலைக்கழகம். சராசரி 28.1, நாட்டிலேயே அதிகம். நெற்றியில் முடி, ஒரு பரிதாப மீசை. டைப் 1 சர்க்கரை நோய், பெஞ்சிலேயே இன்சுலின் போட்டுக்கொள்வார். அந்த வருஷம் முழுக்க அவருக்கும் டியூக்கின் ஜே.ஜே. ரெடிக்குக்கும் போட்டி, 28.1-க்கு 26.8. கடைசியில் யூசிஎல்ஏவுக்கு எதிராக 17 புள்ளி முன்னிலையில் இருந்த கொன்சாகா, கடைசி 11 புள்ளிகளை வரிசையாகக் கொடுத்துவிட்டு 73-71 என்று தோற்றது. மோரிசன் தரையில் குப்புற விழுந்து அழுதார். எதிரணி வீரர்களே வந்து தூக்கிவிட்டார்கள். இந்தியாவில் அப்போது கல்லூரியில் இருந்தேன். அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்துத்தான் மார்ச் மேட்னஸ் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியும்.

டிராஃப்டில் மூன்றாவது இடம், ஷார்லட். ரெடிக் பதினொன்று, ஒர்லாண்டோ.

மோரிசன் சில வருஷத்தில் லீகை விட்டே போய்விட்டார். ரெடிக் பதினைந்து சீசன் ஆடினார். இப்போது லேக்கர்ஸ் பயிற்சியாளர். என்ன வித்தியாசம்? ரெடிக் முதல் இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தே ஒரு புது வேலையைக் கற்றுக்கொண்டார். பந்து கையில் இல்லாமல் ஸ்கிரீனுக்கு ஸ்கிரீன் ஓடிக்கொண்டே இருப்பது, கிடைத்த அரை நொடியில் போடுவது, தடுப்பில் தன் ஆளை விடாமல் ஒட்டிக்கொள்வது. டியூக்கில் அணியே அவரைச் சுற்றி ஓடியது. இங்கே அவர் ஓடினார். மோரிசனுக்கு அந்த மனம் வரவில்லை.

மார்ச் 24

நேற்று எழுதியதில் கடைசி வாக்கியத்தை வாபஸ் வாங்குகிறேன். "மனம் வரவில்லை" என்று சொல்ல நான் யார்? முதல் சீசனில் மோரிசன் சராசரி 11.8, ஆனால் போட்டதில் நூற்றுக்கு 37.6 தான் விழுந்தது. அது மோசம்தான். இரண்டாவது சீசன் தொடங்கும் முன்பே முழங்கால் தசைநார் கிழிந்து அந்த வருஷம் முழுக்கப் போனது. முழங்கால் போனவர்களைச் சேர்க்கக்கூடாது என்று நானே விதி போட்டு, நானே மூன்றாம் நாள் மீறியிருக்கிறேன். ரெடிக்குக்குக் கற்றுக்கொள்ள இரண்டு வருஷம் கிடைத்தது. மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்டவருக்கு அந்த அவகாசத்தை யாரும் தருவதில்லை, அவர் முதல் நாளே ஆடியாக வேண்டும்.

இன்னொன்று. லேக்கர்ஸ் பெஞ்சில் உட்கார்ந்து 2009, 2010 இரண்டு சாம்பியன் மோதிரம் வாங்கினார் மோரிசன். லீகின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவரான சார்ல்ஸ் பார்க்லிக்கு ஒன்றுகூடக் கிடையாது. வாழ்க்கை.

மார்ச் 28

பிஒய்யு நேற்று அலபாமாவிடம் 113-88 வாங்கியது. அலபாமா 25 மூன்று புள்ளி, போட்டியின் வரலாற்றிலேயே அதிகம். அதில் பத்து மார்க் சியர்ஸ் என்ற இடது கைக்காரர் போட்டது. மொத்தம் 34 புள்ளி. ஆள் குட்டை, கடைசி ஆண்டு.

யூட்டா ரசிகன் என்ற முறையில் எனக்கு இன்ப அதிர்ச்சி. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றில் ஏதோ செய்தது. இந்தப் படத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். ஆட்டம் நடந்த இடம் நுவார்க். 2011-இல் ஜிம்மர் தொப்பி போட்டுக்கொண்டு மேடையேறிய அதே அரங்கம்.

மார்ச் 28, இரவு

என் மனைவி: "பத்து மூன்று புள்ளி போட்டவனைப் பார்த்துப் பரிதாபப்படுகிற ஒரே ஆள் நீங்கள்தான்." குறித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 2

கிறிஸ்டியன் லேட்னர் பெயரை யாரோ இழுத்திருக்கிறார்கள், "ஏமாற்றங்களின் அரசன்" என்று.

டியூக்கில் நாலு வருஷமும் அணிக்குக் கடைசி நாலு அணிகளில் இடம், 1991, 1992 இரண்டு சாம்பியன் பட்டம். 1992-இல் கென்டக்கிக்கு எதிராக 2.1 நொடி மிச்சம், கிரான்ட் ஹில் அந்தக் கோடியிலிருந்து எறிந்த பந்தைப் பிடித்து, ஒரு தட்டுத் தட்டி, திரும்பிப் போட்டது. 104-103. அன்று களத்திலிருந்து போட்ட பத்தும் விழுந்தது, ஃப்ரீ த்ரோ பத்தும் விழுந்தது. அதே கோடையில் ஜோர்டன், மேஜிக், பேர்டு இருந்த அமெரிக்க ஒலிம்பிக்ஸ் அணியான ட்ரீம் டீமில் ஒரே கல்லூரிப் பையன். டிராஃப்டில் ஷக்கீல் ஓ'நீல், அலோன்சோ மோர்னிங் இருவருக்கும் அடுத்து மூன்றாவது.

அப்புறம்? பதிமூன்று சீசன், நட்சத்திரங்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஒரே ஒரு தடவை, வாழ்நாள் சராசரி 12.8.

அதை எழுதும்போது எங்கேயோ பார்த்த எண் மாதிரி இருந்தது. ரெடிக்கின் வாழ்நாள் சராசரி என்ன தெரியுமா? 12.8. புள்ளிக்குப் புள்ளி அதேதான். ரெடிக்கை "கல்லூரி நட்சத்திரம் என்பிஏவில் ஜெயித்த கதை" என்று நானே பத்து நாள் முன்னால் எழுதினேன். லேட்னரை நீங்கள் ஏமாற்றங்களின் அரசன் என்கிறீர்கள். ஒருவர் மூன்றாவது, ஒருவர் பதினொன்று. டிராஃப்ட் இரவில் ஒட்டிய விலைச்சீட்டை வைத்துத்தான் பிறகு எல்லாத் தீர்ப்பும் எழுதுகிறோம் போலிருக்கிறது. என்னையும் சேர்த்துத்தான்.

ஏப்ரல் 3

"லேட்னர் ரீபவுண்டும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) எடுத்தார், ரெடிக்கோடு ஒப்பிடுவது தப்பு" என்கிறார் ஒருவர். அப்படியென்றால் லேட்னர் இன்னும் நன்றாக ஆடியிருக்கிறார் என்றாகிறது. நீங்கள் யார் கட்சி?

ஏப்ரல் 8

கல்லூரி இறுதி ஆட்டம்: ஃப்ளோரிடா 65, ஹூஸ்டன் 63. ஃப்ளோரிடாவின் வால்டர் கிளேட்டனைப் பற்றி இரண்டு வார்த்தை.

அரையிறுதியில் ஆபர்ன் மீது 34 போட்டவர். நேற்று இறுதி ஆட்டத்தில் முதல் பாதியில் பூஜ்யம். மொத்தமே 11. ஆனால் ஆட்டத்தை முடித்தது எதனால்? கடைசி நொடிகளில் ஹூஸ்டனின் ஷார்ப் மூன்று புள்ளி போட எழும்பினார். கிளேட்டன் பாய்ந்து வந்து முகத்துக்கு நேரே நின்றார். போட முடியாமல் ஷார்ப் பந்தைக் கீழே விட்டுவிட்டார். விட்ட பந்தை அவரே தொடவும் கூடாது, ட்ராவல் என்ற தவறு ஆகிவிடும். பந்து தரையில் துள்ள, அவர் பார்த்துக்கொண்டு நிற்க, நேரம் முடிந்தது.

பெஞ்சுக்காரருக்கு மெசேஜ் அனுப்பினேன். (ஆமாம், பதினைந்து வருஷமாகத் தொடர்பில் இருக்கிறோம். அவருக்கு இப்போது தொப்பை லேசு இல்லை.) பதில்: "கால் சரியாக இருந்தது."

ஏப்ரல் 13

இழை வேறு பக்கம் போகிறது, பரவாயில்லை. எட் ஓ'பேனனைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது.

1995 இறுதி ஆட்டம், யூசிஎல்ஏ, ஆர்கன்சாவுக்கு எதிராக 30 புள்ளி, 17 ரீபவுண்ட். வுடன் விருது. நியூஜெர்சி நெட்ஸ் ஒன்பதாவதாக எடுத்தது. இரண்டே சீசன், சராசரி 5. பிறகு ஐரோப்பாவில் நாடு நாடாக ஆடிவிட்டு, லாஸ் வேகஸ் பக்கம் கார் விற்பனைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். நம்மூர்க் கணக்கில் கதை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஒருநாள் நண்பர் வீட்டுக்குப் போயிருக்கிறார். நண்பரின் மகன் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கிறான். திரையில் 1995 யூசிஎல்ஏ அணி. மொட்டைத் தலை, இடது கை, 31-ஆம் எண் ஜெர்சி. பெயர் மட்டும் இல்லை. அவரேதான். அந்த கேமிலிருந்து அவருக்கு ஒரு பைசா வந்ததில்லை. 2009-இல், கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ மீது வழக்குப் போட்டார். 2014-இல் நீதிபதி கிளாடியா வில்கன் அவர் பக்கம் தீர்ப்பு எழுதினார். இன்று மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கிறார்களே, 2021-இல் திறந்த அந்தக் கதவை முதலில் உடைக்க ஆரம்பித்தவர்களில் அவர் ஒருவர். 5 புள்ளி சராசரிக்காரர்!

நான் இதை இங்கே எழுதக் காரணம் வேறு. கல்லூரியில் உச்சத்தில் இருக்கும் நாலு வருஷம்தான் இவர்களில் பலருடைய மதிப்பு அதிகமாக இருந்த காலம். அந்தக் காலத்தில் சம்பளம் கிடையாது. 2014-இல் கனெக்டிகட்டுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த ஷபாஸ் நேப்பியர், பசியோடு படுத்த இரவுகள் உண்டு என்று சொன்னார். அரங்கம் நிறைய அவர் எண் போட்ட ஜெர்சி, ராத்திரி சாப்பாடு இல்லை. சில நாளிலேயே மாணவ வீரர்களுக்குச் சாப்பாட்டுக்கு இருந்த கட்டுப்பாட்டை என்சிஏஏ தளர்த்தியது. என்பிஏவில் கிடைப்பதைத்தான் சம்பளம் என்று பார்த்தார்கள். அது இரண்டு வருஷத்தில் முடிந்துபோனால் நாம் "சொதப்பிட்டான்" என்று எழுதுகிறோம். சரி, நான் எழுதினேன்.

ஏப்ரல் 24

ஜிம்மர் நேற்று ஓய்வு அறிவித்துவிட்டார். 36 வயது.

காலையிலிருந்து எனக்கு நாலு பேர் செய்தியை அனுப்பிவிட்டார்கள், ஏதோ என் சொந்தக்காரர் மாதிரி.

நான் இந்த இழையில் இதுவரை சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். என்பிஏவிலிருந்து கழன்ற பிறகு 2016-இல் ஷாங்காய் ஷார்க்ஸுக்குப் போனார். முதல் சீசன் சராசரி 37.6. ஒரு ஆட்டத்தில் 73. பின்னொரு நாள் 75, அதுவும் ஒரு புள்ளியில் தோற்ற ஆட்டத்தில். ரசிகர்கள் "ஜிமோ தாஷன்" என்று பெயர் வைத்தார்கள். ஜிமோ என்றால் சீன மொழியில் தனிமை. ஜிம்மர் என்ற உச்சரிப்புக்கும் பக்கமாக வரும். தனிமைக் கடவுள் என்று சொல்லிக்கொள்ளலாம். எங்கள் சிவப்புச் சட்டைக் கூட்டம் வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

2019 மார்ச்சில் ஃபீனிக்ஸ் சன்ஸ் அவரைக் கூப்பிட்டது. சில நாளில் சால்ட் லேக்கில் உள்ளூர் அணியான யூட்டா ஜாஸுக்கு எதிராக ஆட்டம். நான் போயிருந்தேன். அன்று சன்ஸின் டெவின் புக்கர் 59 போட்டார். அரங்கமோ எதிரணி பெஞ்சில் இருந்த ஜிம்மரின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. பிஒய்யுக்காரர்கள், யூட்டாக்காரர்கள் எல்லோரும். நானும்தான். உள்ளே வந்தார். ஒவ்வொரு தடவை பந்து கைக்கு வரும்போதும் அரங்கம் எழுந்து நின்றது. போட்டார், விழவில்லை. மறுபடி போட்டார், விழவில்லை. 2011-இல் எது போனாலும் விழுந்த அதே கை, அதே மணிக்கட்டு, அதே அவசரமின்மை. பக்கத்தில் இருந்தவர் கடைசியில் உட்காரவே இல்லை, நின்றுகொண்டே பார்த்தார். வீட்டுக்குப் போகும் வழியில் நான் காரில் ரேடியோ போடவில்லை.

போன வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மூன்றுக்கு மூன்று ஆட்டத்தில் அமெரிக்க அணிக்கு ஆடினார். 35 வயதில் ஒலிம்பிக்ஸ். இரண்டாவது ஆட்டத்தில் தொடைத் தசை போய்விட்டது. அந்த ஆட்டத்தில் அணிக்கு நாலே பேர். ஒருவர் விழுந்தால் மீதி மூவருக்கு மாற்று ஆளே இல்லை. ஒட்டிக்கொண்ட துரதிர்ஷ்டம் பாரிஸ் வரை போயிருக்கிறது.

ஏப்ரல் 24, பின்னிரவு

"பிறந்த நேரம் சரியில்லை, பத்து வருஷம் கழித்து வந்திருந்தால் இன்னொரு கர்ரி ஆகியிருப்பார்" என்று ஒரு கட்சி கிளம்பியிருக்கிறது. ஸ்டெஃப் கர்ரி டிராஃப்ட் ஆனது 2009-இல், ஜிம்மருக்கு இரண்டு வருஷம் முன்னால். நேரம் சரியாகத்தான் இருந்தது.

ஆனால் கர்ரியின் அணி அவருக்குப் பக்கத்தில் யாரை நிறுத்தியது? பதினொன்றாவதாகப் போன கிளே தாம்ப்சனை. எதிரணியின் நல்ல கார்டை அவர் பார்த்துக்கொள்வார், இவர் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ஜிம்மருக்கு ஒரு கிளே இருந்திருந்தால் என்று இரவு பன்னிரண்டரைக்கு யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாளை காலை இதையும் வாபஸ் வாங்கக்கூடும்.

ஏப்ரல் 25

வாபஸ் இல்லை. பாதி மட்டும். கர்ரி உள்ளே போய் நாலு பேருக்கு நடுவில் போடுவார், ஜிம்மரை அங்கே நெருங்கவே விடவில்லை. மீதிப் பாதி நிற்கிறது.

ஜூன் 27

இழையைத் தூசி தட்டுகிறேன். டிராஃப்ட் முடிந்தது.

இந்த சீசனில் ஏபி செய்தி நிறுவனம் தேர்ந்தெடுத்த முதல் ஐவர்: கூப்பர் ஃப்ளாக், ஜானி ப்ரூம், வால்டர் கிளேட்டன், மார்க் சியர்ஸ், பிரேடன் ஸ்மித். நாட்டின் சிறந்த ஐந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் என்று பொருள். ஃப்ளாக் முதலாவது, டல்லஸ். பதினெட்டு வயது. ஸ்மித் இன்னொரு வருஷம் பர்டூவிலேயே ஆடப்போகிறார். கிளேட்டன் பதினெட்டாவது. ப்ரூம் முப்பத்தைந்தாவது. சியர்ஸ்? இரண்டு இரவு, 59 பெயர். அவர் பெயர் வரவில்லை. மார்ச்சில் பிஒய்யு மேல் பத்து மூன்று புள்ளி போட்டவர். பிறகு மில்வாக்கி ஒரு டூ-வே ஒப்பந்தத்துக்குக் (என்பிஏ அணிக்கும் அதன் துணை அணிக்கும் மாறி மாறி ஆடுவது) கூப்பிட்டிருக்கிறது. 2011 டிராஃப்ட் இரவில் ஜிம்மரின் பெயரை முதலில் கூப்பிட்டதும் மில்வாக்கிதான், சாக்ரமென்டோவுக்காக.

மூன்று மாதம் முன்னால் கேள்வி கேட்ட நண்பர் திரும்ப வந்து, "பார்த்தீர்களா, நான் சொன்னேனே" என்கிறார். பாதி சொன்னீர்கள். அணிகள் இப்போது 22 வயதில் என்ன செய்கிறான் என்று வாங்குவதில்லை, 26 வயதில் என்ன ஆவான் என்று வாங்குகிறார்கள். கல்லூரியில் நாலு வருஷம் இருந்து முதிர்ந்து கலக்குவதே ஒருவருக்கு எதிராகப் போய்விடுகிறது. ஆட்டம் டுபாக்கூர் என்பதற்கு இது சாட்சியாகாது.

கிளேட்டனை வாஷிங்டன் எடுத்து, அங்கிருந்து பண்டமாற்றில் எங்கே வருகிறார் தெரியுமா? யூட்டா ஜாஸ். என் வீட்டிலிருந்து இருபத்தைந்து நிமிஷம். 2011-இல் ஜாஸிடம் பன்னிரண்டாவது இடம் இருந்தது, ஊரே ஜிம்மர் அதுவரை மிஞ்சுவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தது. பத்தில் போய்விட்டார். பதினாலு வருஷம் கழித்து வேறொரு கல்லூரி நாயகன் இதே ஊருக்கு வருகிறார்.

தேறுவாரா என்று இப்போதே கேட்காதீர்கள். அட்டவணை வந்ததும் மேல் அடுக்கில் இரண்டு டிக்கெட் வாங்கப்போகிறேன். பெஞ்சுக்காரர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். நான் பந்தைப் பார்க்கிறேன், அவர் காலைப் பார்க்கட்டும்.